சொரணைப் பசை

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, ஊர்க்காரர்களின் தோலுக்கே வேலை வந்தது.

வேலை இதுதான். இடது கையை முழங்கைவரை மழித்துக்கொண்டு வந்து எஃகுத் தட்டின் மேல் வைக்க வேண்டும். மேலே தொங்கும் குழாயிலிருந்து எரிகிற பசை ஒரு துவரம்பருப்பு அளவுக்குச் சொட்டும். தோலைத் தொட்டதும் அணைந்துவிடும். காய்ந்த மோர் மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு மிஞ்சும். துடைத்துவிட்டு எழுந்து போகலாம். வரிசையில் உட்கார்ந்த பன்னிரண்டு பேர் கையிலும் அணைந்தால் அந்தச் சரக்கு தேறியது. கப்பலுக்குப் போகும்.

ரஹீமா வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வாரம் படம் காட்டினார்கள். பழைய போர்கள். கறுப்பு வெள்ளையில் கொஞ்சம், கலரில் கொஞ்சம். படத்தை விளக்கியவர் கோமதிநாயகம். திருநெல்வேலிக்காரர். கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்த சபையின் சாட்சி. ஒவ்வொரு சோதனையையும் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காகவே ஊரில் வீடு எடுத்துக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"முதல்ல எண்ணெயக் கொளுத்திக் கப்பல் மேல எறிஞ்சான். அப்புறம் அதையே விமானத்துலருந்து போட்டான். ஒட்டணும்ங்கதுக்காகவே பசையாக்கினான். ஒட்டினா உதற முடியாதுல்லா."

"தண்ணி ஊத்துனா?" என்று கேட்டாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அற்புதமேரி. அவளும் அன்று புதிது.

"பாஸ்பரஸ்னு ஒண்ணு. தண்ணிக்குள்ள கைய வெச்சா அணைஞ்ச மாதிரி இருக்கும். வெளிய எடுத்தா மறுபடி பத்திக்கிடும். ஒரு ஊர்ல ராத்திரி முழுக்கக் குண்டு போட்டாங்க. சனம் கால்வாய்ல குதிச்சுது. தண்ணியே கொதிச்சுது."

"அத்த யாரும் கேக்கலியா சார்?"

"கேட்டாங்க. தடை போட்டாங்க. ஓட்டை வெச்சுப் போட்டாங்க. நான் புகைக்காகப் போட்டேன், நெருப்பு அதுவா வந்துச்சுன்னு சொல்லிக்கிடலாம். சொல்லிக்கிட்டாங்க. இப்ப புது ஒப்பந்தத்துல ஒரே வரி. நெருப்பு மனுசனத் தொட்டா அணையணும். அப்படி ஒரு பசையக் கண்டும்பிடிச்சுட்டாங்க. வேர்வை பட்டா தன்னால உறைஞ்சு அணைஞ்சிரும். வீடு எரியும், வண்டி எரியும், போட்டுருக்க துணி எரியும். ஆளு எரிய மாட்டான்."

"அம்மணமா நிப்பான்," என்றாள் அற்புதம்.

"உசுரோட நிப்பான்," என்றார் கோமதிநாயகம்.

டீ வந்தது. கம்பெனி வைத்த பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. ஊரில் அதற்குச் சொரணைப் பசை என்று பெயர். ஆளைத் தெரிந்துகொள்ளும் பசை.

சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. கையில் நெருப்பு விழுவதை இப்போது யாரும் குனிந்து பார்ப்பதுகூட இல்லை.

அன்றைக்குச் சோதனை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. காலையில் குழாய் அடைத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் கொட்டகைக்கு வெளியே பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். டீ ஒருமுறை வந்தது, மோர் ஒருமுறை வந்தது. ரஹீமா இரண்டையும் எடுக்கவில்லை.

"இன்னா மே, மோர் கூட வாணாவா?" என்றாள் அற்புதம்.

"வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லன்னா தான் மோரே குடிப்பாங்க. நீ இன்னாமே புதுசா சொல்ற."

ரஹீமாவின் வயிறு நன்றாகத்தான் இருந்தது. அவள் நோன்பு வைத்திருந்தாள். போன ரமலானில் மாதவிலக்கால் விட்டுப்போன நோன்புகளை அடுத்த ரமலான் வருவதற்குள் வைத்து அடைக்க வேண்டும். களா நோன்பு. பெண்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து கடைசி மாதத்தில் வேலையோடு வேலையாக வைப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். நோன்பு என்று சொன்னால் எதற்கு இப்போது என்று கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் வயிறு சரியில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அவளுடைய இடம் ஏழாவது தட்டு. கையை வைத்தாள்.

"அந்தப் பச்ச சேலைய நானே எட்த்துக்கலாம்னு..." அற்புதம் எட்டாவது தட்டில் இருந்து பேசிக்கொண்டே இருந்தாள். சொட்டு விழுந்தது. அற்புதத்தின் கையில் அணைந்தது. ரஹீமாவின் கையில் அணையவில்லை.

அவள் முதலில் பார்க்கவே இல்லை. வாசனைதான் வந்தது. கறிக்கடைக்காரன் ஆட்டுத்தலையை வாட்டும் வாசனை. குனிந்தபோது பருப்பு அளவு நெருப்பு ரூபாய் அளவாகி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. இது நடக்காத விஷயம் என்பதால் உடம்புக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அற்புதம்தான் தட்டில் இருந்த கரண்டியை எடுத்து, சதையோடு சேர்த்து வழித்து மணலில் எறிந்தாள். மணலிலும் அது எரிந்தது.

கோமதிநாயகம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார்.

கம்பெனி மருத்துவ அறையில் கட்டுப் போட்டார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்றார் டாக்டர். தொட்டால் தெரிகிறதா என்று ஊசியால் குத்தினார். தெரியவில்லை என்றாள். நல்லது, வலிக்காது என்றார்.

மறுநாள் மேஸ்திரி அங்கேயே வந்தார். தணிகாசலம். பழைய ஆலையில் முப்பது வருடம் தோலைத் தரம் பிரித்தவர். ஈரத் தோலை விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. சாயம் சீராக ஏறாவிட்டால் சாயத்தை ஒருநாளும் குறை சொல்ல மாட்டார். தோல் சரியில்லை. எடுத்துத் தனியாகப் போடு. சாயம் நன்றாக வந்தது என்று முதலாளி சொல்வார். அந்த வேலை போனதும் அதே கையோடு அவரை இங்கே எடுத்துக்கொண்டார்கள். சோதனைக்கு ஆள் பிரிக்கிற வேலை.

"வயசாவுதில்ல ரஹீமா. தோலு காஞ்சி போச்சி," என்று அவள் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எல்லாருக்கும் வர்றதுதான். குணவதிக்கு சக்கர வந்து வரல? எலியாவுக்கு அறுவது தாண்டி வரல? ஓரமா ஒக்கார வெச்சேன். யாரையும் கைவிட்டனா? பேக்கிங்ல போட்டேன். ஒன்னியும் போட்டுர்றேன்."

"சரக்கு?"

"இன்னா சரக்கு?"

"நேத்து சரக்கு. தேறலல்ல?"

"அதெல்லாம் தேறிடிச்சி. ஒன்னோட எடத்துல வேற ஆள வெச்சி பாத்தேன். நல்லா அணையுது." எழுந்து போகும்போது திரும்பினார். "நல்லவேள, நோன்பு மாசம் வருது. எப்டியும் லீவு தான ஒனக்கு. ரெஸ்ட் எடு."

நோன்பு லீவு தணிகாசலம் கொண்டுவந்ததுதான். ஆலை ஆரம்பித்த வருடம் ரமலானில், ஒரு பிற்பகல், ஜப்பார் என்பவரின் கையில் லேசாகச் சுட்டுவிட்டது. நோன்பு வைத்த உடம்பில் நெருப்பு வைப்பது பாவம் என்று மேஸ்திரி முதலாளியிடம் சண்டை போட்டார். மாதம் முழுக்க, சம்பளத்தோடு. ஜமாத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மனுஷன் அழுதுவிட்டார்.

ரஹீமா கட்டிலில் படுத்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஜப்பார் கிழவர் இல்லை. சர்க்கரை இல்லை. அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அவளும் குடிக்கவில்லை. காய்ந்து போனது வயதால் இல்லை. ஆறு வருடமாக அணையாத கையை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, அணைகிற கையில் மட்டும் வைத்து, அணைகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தல்மிரா. கடலோரத்தில், முற்றுகைக்குள் இருக்கிற நகரம். அடுத்த கப்பல் அந்த நகரத்தை முற்றுகையிட்டிருக்கும் படைக்குத்தான் போகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசல் வாசலில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். தண்ணீர் வண்டி வரவில்லை என்று கீழே எழுத்து ஓடியது. அந்த வரிசையில் நின்ற யாருக்கும் வேர்க்கவில்லை. வெயில் அவ்வளவு அடித்தும் முகமெல்லாம் மாவு பூசின மாதிரி இருந்தது.

கட்டுக் கையோடு அவள் சாட்சியின் அறைக்குப் போனாள்.

"உக்காருங்கம்மா. இப்ப எப்படி இருக்கு?"

"சார், என் தோல் கெட்டுப் போவல. அன்னிக்கி நான் தண்ணி குடிக்கல. காலையிலேர்ந்து."

"ஏன், தண்ணி வைக்கலியா? நான் கேக்கேன் அவங்கள."

"வெச்சாங்க. நான் குடிக்கல. நோன்பு."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "நோன்பு அடுத்த மாசம்தானம்மா."

ரஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இது வேற."

"என்ன வேற? இப்ப ஒரு நோன்பும் இல்லியே. எங்க வீட்டுப் பக்கத்துல மேலப்பாளையத்து பாய் குடும்பம் இருந்துச்சு, எனக்குத் தெரியும்லா."

"போன வருசம் உட்டுப்போனது சார்."

"அதான் ஏன் விட்டுப்போச்சு? உடம்புக்கு முடியலியா? நான் ரிப்போர்ட்ல காரணம் எழுதணும்."

"பொம்பளைங்களுக்கு உட்டுப்போவும் சார்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாப் பொம்பளைங்களுக்கும். வருசா வருசம்."

கோமதிநாயகம் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். அவர் காது சிவந்துவிட்டது. "சரிம்மா. மருத்துவக் காரணம்னு எழுதிக்கிடுதேன்."

அப்புறம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஜப்பார், குணவதி, எலியா, நோன்பு லீவு. அவர் எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஆறு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார். "பன்னெண்டு கையும் அணையுது, அணையுது, அணையுதுன்னு. யாரு கைன்னு நான் கேக்கல."

"எழுதுங்க சார். சரக்கு போகக் கூடாது. அங்க தண்ணி இல்ல."

"எழுதுதேன். சபைக்கும் போகும், வாங்குறவனுக்கும் ஒரு நகல் போகும். அது விதி. தல்மிராவுக்கு இத இப்படியே போட முடியாது."

ஊருக்குச் செய்தி அன்றைக்கே தெரிந்துவிட்டது. சரக்கு ஏற்றுவதை நிறுத்தினார்கள். பேக்கிங்கில் பாதிப் பேரை வர வேண்டாம் என்றார்கள். கறிக்கடையில் ரஹீமாவுக்கு எலும்பு மட்டும் நிறுத்துப் போட்டார்கள். அற்புதம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள்.

"ஒன் கையில இருந்து வழிச்சி எறிஞ்சவ நானு. எனக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

"உள்ள வா."

"வரல. எங்கியோ இருக்கிறவனுக்காக இங்க இருக்கிறவ சோத்துல மண்ண போட்ட. அவன் ஒன் ஆளுன்னா?"

"ஆளு இல்ல. எரியும் அற்புதம். நீதான பாத்த."

"எரிஞ்சா எரியட்டும். எரியறதுக்குத்தான மே அத்த செய்யறாங்க. ஒனக்கு இன்னிக்கிதான் தெரிஞ்சிதா?"

அற்புதம் படியேறாமலே திரும்பிப் போனாள்.

பத்து நாள் எதுவும் வரவில்லை. பிறகு வாங்குகிற நாட்டிடமிருந்து பதில் வந்தது. வேண்டாம் என்று இல்லை. ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் இல்லாமல் எவ்வளவு நேரம் ஆனால் அணையாமல் போகும்? துல்லியமாகச் சொல்ல முடியுமா? பாதுகாப்புக்காகத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மிகவும் மரியாதையான கடிதம் என்று தணிகாசலம் சொன்னார். அவர்தான் அதைச் சொல்ல ரஹீமாவின் வீட்டுக்கு வந்தார். கையில் மாம்பழம்.

"ஒனக்குப் பழக்கம்தான ரஹீமா, தண்ணி இல்லாம இருக்கறது. வலது கை நல்லாத்தான கீது. ரெண்டு பங்கு சம்பளம் தர்றாங்க. சொன்னவளே செஞ்சி காட்டுனா கம்பெனிக்கும் ஒன் மேல கோவம் போய்டும்."

"நேரம் தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க மேஸ்திரி?"

"ஜாக்கிரதையா இருப்பாங்க. வேற இன்னா?"

அவர் முகத்தில் சூது இல்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்.

"நான் வரல. வேற யாரும் போவக் கூடாதுன்னு சொல்லுங்க."

"அற்புதம் வர்றேன்னு சொல்லிட்டாளே," என்றார் தணிகாசலம்.

ரஹீமா ஓடவில்லை. பஸ் பிடித்துத்தான் போனாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவ அறையில், அவள் படுத்திருந்த அதே கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் அற்புதம் உட்கார்ந்திருந்தாள். தோளில் இருந்து விரல் வரை கட்டு. இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"நீங்கள்லாம் ஒரு மாசம் எப்டி மே தாங்கறீங்க? எனக்கு மத்தியானத்துக்கே நாக்கு ஒட்டிக்கிச்சி."

"எங்க எங்க வெச்சாங்க?"

"மொதல்ல மணிக்கட்டுல. மத்தியானம் வரிக்கும் டக்குனு அணஞ்சிது. அப்புறம் மேல மேல வெச்சாங்க. கொஞ்சம் யோசிச்சி யோசிச்சி அணஞ்சிது. வெய்யில் சாஞ்ச பொறவு அணையவே இல்ல." அற்புதம் தண்ணீர் குடித்தாள். "கரண்டி எட்த்துக்கினு யாரும் வரல. நேரம் பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம்தான் வந்தாங்க."

ரஹீமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அற்புதம் அவள் மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ரஹீமாவுக்கு அது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மருந்து வேலை செய்து அற்புதம் தூங்கிப்போனாள்.

நாலைந்து நாள் கழித்து ரஹீமா மீண்டும் அற்புதத்தைப் பார்க்கப் போயிருந்தபோது கோமதிநாயகம் வந்தார். சவரம் செய்திருந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"ரஹீமாம்மா, நீங்க சொன்னது வேலை செஞ்சிருக்கு. சபை சரக்க நிறுத்தல, அதுக்கு அதிகாரம் இல்லன்னுட்டாங்க. ஆனா வாங்குறவன் பயந்துட்டான். இப்ப அனுப்ப வேண்டாமாம். ரெண்டு வாரம் கழிச்சு அனுப்பினாப் போதும்னு அவனே எழுதியிருக்கான். ரெண்டு வாரம் மூச்சு விடலாம். அதுக்குள்ள பேசி நிறுத்திரலாம்."

"எந்தத் தேதி சார்?"

அவர் சொன்னார்.

ரஹீமா விரல் விட்டு எண்ணவில்லை, காலண்டரைப் பார்க்கவில்லை. அந்த மாதத்தைப் பெண்கள் எப்போதும் மனதிலேயே வைத்திருப்பார்கள். "அங்க எந்த நேரத்துல போடுவாங்கன்னும் ஒங்களுக்குச் சொல்லணும் இல்ல? அது விதிதான?"

"ஆமா, உத்தேச நேரம் கொடுக்கணும்." பையில் இருந்து தாளை எடுத்தார். "முன்னால விடியக்காலம்னு போட்டிருந்தான். இப்ப..." கண்ணாடியைச் சரிசெய்தார். "சாயங்காலம்னு மாத்தியிருக்கான். பொழுது அடையறதுக்குக் கொஞ்சம் முன்னால."

"பிறை அதுக்கு மூணு நாள் முந்தியே தெரிஞ்சிடும் சார்."

"எந்தப் பிறை?" என்று கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தாளை மடித்தார். மடித்த தாளை மறுபடியும் பிரித்தார்.

"குண்டு விழுற ஊர்ல நோன்பு வைக்கணும்னு கட்டாயமாம்மா?"

"கட்டாயம் இல்ல. வெப்பாங்க."

கோமதிநாயகம் அற்புதத்தின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் என்னன்னு எழுதுவேன்? தண்ணிய நான் நிறுத்தலம்பான். பகல்ல தண்ணி குடிக்காதது அவங்க இஷ்டம்தானன்னு கேப்பான். தேறின சரக்கு. என் கையெழுத்துல்லா இருக்கு."

ரஹீமா தூங்குகிற அற்புதத்தின் போர்வையை இழுத்து விட்டாள்.

"கொஞ்சப் பொம்பளைங்க பொழச்சிக்குவாங்க சார்," என்றாள். "அன்னிக்கி நோன்பு உட்டுப்போனவங்க. யாருக்கும் தெரியாம அடுப்பங்கரையில நின்னு தண்ணி குடிச்சிருப்பாங்க. அவங்க மேல அணஞ்சிடும்."